அழைத்தவர்: காரை

பதினொரு மணி அடித்தால்தான்
எஸ்.டி.டி. கால் கட்டணம்.
அதுவரை டாக்டர் சிகப்பி
துருவேறிய இரும்புத் துண்டுகளை
எடை போட்டுக்கொண்டிருப்பார்.
நான் ஃபிளாப்பியை ஊதித் துடைப்பேன்.

இயந்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று
மெட்ராஸிலிருந்து கேட்டிருந்தார்கள்.
காரைக்குடி, ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து;
ஏழுக்கு மேல் ஏற்காதாம்.
குடியை வெட்டினோம்.
காரை மிஞ்சியது.
'உதிராம இருந்தாச் சரி'
என்றார் சிகப்பி, சிரிக்காமல்.

எண்பத்தொன்பது ஐப்பசி. விடாத மழை.
மோடம் முதலில் உறுமும்,
பிறகு கீச்சிடும்,
பிறகு தகரத்தில் மணல் கொட்டினாற்போல்
நீளமாய் ஓர் இரைச்சல்.
அதற்குள் எங்கோ
மறுமுனை கைகொடுக்கும் என்றது கையேடு.
மூன்று இரவு காத்திருந்தோம்.
கொடுக்கவில்லை.

நான்காம் நாள் லைன்மேன் செபஸ்தியான்
ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார்.
'பேசினா நல்லாத்தானே கேக்குது?'
'பேசுறது நாங்க இல்லை.'
'பின்னே?'
மேசையைக் காட்டினேன்.
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
செக்காலை ரோட்டில் குழிக்குள் இறங்கி
கேபிள் மூட்டில் தேங்கிய தண்ணீரை
டீக்கிளாசில் மொண்டு மொண்டு ஊற்றினார்.
ஏறி வந்து சொன்னார்:
'மனுசன்னா, நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போனா
ஊகிச்சுக்குவான்.
இதுக்கு அது வராது போல.'

அன்றிரவு பதினொன்று இருபதுக்கு
இரைச்சல் அடங்கியது.
திரையில் ஒரே சொல், லாகின்.
சிகப்பி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்,
வாசலில் யாரோ வந்துவிட்டதுபோல.

முகவரி என்றால் அப்போது வழி.
யாருக்கு என்று எழுதினால் போதாது,
யார் யார் கைமாறிப் போகவேண்டும் என்றும்
நாம்தான் எழுதவேண்டும்.
காரை, ஆச்சரியக்குறி,
மெட்ராஸ், ஆச்சரியக்குறி,
பம்பாய், ஆச்சரியக்குறி,
ஆம்ஸ்டர்டாம், ஆச்சரியக்குறி,
அதற்கப்பால் பெயர் வாயில் நுழையாத ஒரு கல்லூரி,
கடைசியாக ஒரு மனிதர்.
ரங்கூனுக்கு உண்டியல் எழுதிய ஊர் இது;
கைமாற்றை நம்புவது புதிதில்லை.
ஆனால் கைக்கொரு ஆச்சரியம் வைத்து
இங்கே யாரும் எழுதியதில்லை.

கேட்டது பெரிதல்ல.
உப்புநீரில் துத்தநாகப் பூச்சு
எத்தனை நாள் தாங்கியது,
நீங்கள் அளந்த எண்ணை அனுப்பமுடியுமா?
நாலு வரி.
வான்தபாலில் போட்டால்
போக மூன்று வாரம், வர மூன்று வாரம்,
நடுவில் அவர் விடுமுறை.

ஐந்தாம் இரவு
டாட் மேட்ரிக்ஸ் கிறீச்சிட்டு
ஓரத் துளைகளோடு தாளைத் தள்ளியது.
காரைக்கு வந்த முதல் மடல்:
இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தேன்.
நான்தான்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
சிகப்பி தாளைக் கிழித்து
விளக்கடியில் பிடித்துப் படித்தார்,
தலைப்பிலிருந்து,
ஒவ்வோர் ஊரையும் அது கடந்த மணி நிமிஷத்தோடு.
'ஆம்ஸ்டர்டாம் தாண்டிப் போயிருக்கு.
இல்லைன்னு சொல்ல
அங்க ஒருத்தர் இருக்காரு பாரு.'
ஒருத்தர் இல்லை, அங்கேயும் ஒரு பெட்டி.
நான் திருத்தவில்லை.
இருவரும் கேன்டீன் பூட்டியிருப்பது தெரிந்தும்
டீ குடிக்கப் போனோம்.

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அடைக்கலம்
தொலைபேசி பில்லோடு வந்தார்.
நள்ளிரவில், நாள் தவறாமல், பதினாலு நிமிஷம்.
'அப்படி என்ன பேச்சு?'
பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
அழைத்தவர்: காரை.
அழைக்கப்பட்டவர்: மெட்ராஸ்.
விஷயம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அடைக்கலம் கடிகாரத்தைப் பார்த்தார்.
தாளில் இருந்ததையே எழுதினேன்:
அப்படி ஒருவர் இல்லை.

படித்தார்.
இரண்டாம் முறையும் படித்தார்.
மையொற்றி, சீல் வைத்து,
செலவை அனுமதித்தார்.